சாணம் பூசிய மதகு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது அல்ல. சிராங்கூன் சாலையில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எனக்குச் சொன்னது. சாம்பாரில் ஆரம்பித்தார். மோர் வரும்போது கதை முக்கியமான கட்டத்துக்கு வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து வரிசையின் கோடியில் யாரோ ஒரு பெரிய மனிதர் இலையை மடக்கிவிட்டார். ஒருவர் மடக்கினால் வரிசையே எழுந்துவிட வேண்டும் என்பது நம் வழக்கம். பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கை கழுவிட்டு வந்து சொல்றேன்" என்று அவரும் எழுந்தார். போனவர் போனவர்தான்.

மணமகளின் தகப்பனாரிடம் விசாரித்தேன். "மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க" என்றார். மாப்பிள்ளையின் மாமாவைக் கேட்டேன். "பொண்ணு வீட்டுக்காரர்னுல்ல நாங்க நெனச்சோம்!" என்று சிரித்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தங்கப் பொத்தான், அவ்வளவு அலங்காரத்துக்கும் கீழே, காலில் மட்டும் ரப்பர்ச் செருப்பு. இது நடந்தது இந்த ஆவணியில், அதாவது 1969இல்.

முடிவு தெரியாத கதையை எழுதலாமா என்று ஐப்பசி வரைக்கும் யோசித்தேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன். முடிவு வராவிட்டால் என்னைக் கேட்காதீர்கள். அந்த இலையை மடக்கிய பெரிய மனிதரைக் கேளுங்கள்.

2

தொடக்கத்தை மூன்று தரம் எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "அந்த ஆண்டு சிங்கப்பூரின் குழாய்களெல்லாம் இருமத் தொடங்கின." அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதுதான் சங்கடம். 1963இல் நான் கெர்பாவ் சாலையில் மாடிவீட்டில் குடியிருந்தேன். தண்ணீர் நிற்பதற்கு முன் குழாய் கொஞ்சம் சீறும், அவ்வளவுதான். இருமியது நாங்கள்தான், வாளியோடு படி ஏறி ஏறி.

இரண்டாவது: "நீடித்த வறட்சியின் காரணமாக நீர்த்தேக்கங்களின் மட்டம் வெகுவாகக் குறைந்ததையடுத்து, பொதுமக்களுக்கு முறைவைத்து நீர் விநியோகிக்க —" வானொலிச் செய்தி. இதற்கு மேல் எழுதியிருந்தால் நானே ரேடியோவை அணைத்திருப்பேன்.

மூன்றாவது: "சந்திரமதி மதகுக்குச் சாணம் பூசினாள்."

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை. கதையில் நடக்கும் நல்லது கெட்டது எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்புகிறது.

3

சிராங்கூன் சாலையில் காலாங் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனால் பள்ளமான ஒரு கம்பம், அதாவது சிறு கிராமம், இருந்தது. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே யாராவது வந்து, அங்கே மதகே கிடையாது என்று சண்டை பிடிப்பார்கள். கம்பத்தில் பாதிப் பேர் தமிழர், மாடு வைத்துப் பால் கறந்து தேக்காவில் உள்ள காப்பிக் கடைகளுக்கு ஊற்றுகிறவர்கள். சந்திரமதி அவர்களில் ஒருத்தி. அவளுக்கு ஆறு மாடுகள். மாடு வளர்க்க லைசென்ஸ் அவள் பெயரில்தான் இருந்தது.

[அவளுக்குக் கணவன் உண்டு. ஹார்பரில் வேலை. முதல் படியில் அவனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். அவன் வந்து, சாப்பிட்டு, படுத்து, எழுந்து போனான். வேறொன்றும் செய்யக் காணோம். எடுத்துவிட்டேன். அவன் ஹார்பரிலேயே இருக்கட்டும்.]

கம்பத்தின் நடுவே பெரிய கால்வாய் ஒன்று ஓடியது. லோங்காங் என்பார்கள். அது ஆற்றில் போய்ச் சேரும் இடத்தில்தான் மதகு: கனத்த மரப்பலகைக் கதவு, அதைத் தூக்க ஒரு சங்கிலி, சங்கிலியைச் சுற்ற ஓர் இரும்புச் சக்கரம். கடல் ஏறும்போது ஆறும் ஏறும். அப்போது கதவை இறக்கவேண்டும், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் கம்பத்துக்குள் வந்துவிடும். கடல் வடியும்போது கதவைத் தூக்கவேண்டும், இல்லாவிட்டால் கம்பத்துத் தண்ணீர் வெளியே போகாது. இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்துக்கொள்ள அரசாங்கம் ஓர் ஆளைப் போட்டிருந்தது. அவர் அப்துல் அலீம். நாகூர்ப் பக்கத்துக்காரர். மதகை ஒட்டித் தகரக் கூரை போட்ட வீடு ஒன்று அவருக்கு உண்டு. வேலை இருக்கும்வரை வீடும் இருக்கும்.

4

வறட்சி வந்தது. மனிதர்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். மாடுகளுக்கு யாரும் முறைவைக்கவில்லை.

கம்பத்துப் பொதுக் குழாயில் சந்திரமதியின் பங்கு, வீட்டுக்கே காணாது. மாடுகள் கால்வாயை நம்பியிருந்தன. மேட்டிலிருந்து மெலிந்த நூலாக வந்துகொண்டிருந்த நல்ல தண்ணீரை, வடியும் நேரம் வந்தால் அலீம் கதவைத் தூக்கிக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பால் வற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் அவள் நேரே சக்கரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"பாய், இருக்கிற கொஞ்சநஞ்சத் தண்ணியையும் நீங்களே தொறந்து விட்டுடுறீங்க. எம் மாட்டுக்கு நான் என்னத்தக் காட்டுறது?"

"அதானே தங்கச்சி என் வேலை. ஏறுனா இறக்கணும், வடிஞ்சா தூக்கணும். ஆபீஸ்ல சொல்லிருக்கிறது அதுதான்."

"மழை பெஞ்சாத் தூக்குங்க, வேணாங்கல. மழை எங்க இருக்கு?"

அலீம் வானத்தைப் பார்த்தார். அது துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டுமாதிரி இருந்தது. அவர் கெட்டவர் அல்ல. அதைவிட, தினமும் காலையில் சந்திரமதி வீட்டுப் பாலில்தான் டீ குடிக்கிறவர்.

"மேகத்தக் கண்டேன், தூக்கிடுவேன்லா. அப்ப வந்து அழக்கூடாது."

"நான் ஏன் அழுவுறேன்?"

அன்றிலிருந்து கதவு இறங்கியே கிடந்தது. ஆனாலும் பழைய பலகை. இடுக்குகளில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. சந்திரமதிக்கு அது பொறுக்கவில்லை. மாட்டுக் கொட்டகையின் தரையை எப்படி மெழுகுவாளோ அப்படியே களிமண்ணையும் சாணத்தையும் பிசைந்தாள். கிழிந்த கோணியை இடுக்கில் திணித்து, மேலே பூசி, விரல்களால் அழுத்தினாள். காலையில் ஒரு பூச்சு, மாலையில் ஒரு பூச்சு. கடல் வடிந்திருக்கும் நேரம் பார்த்து ஆற்றுப் பக்கமாகச் சேற்றில் இறங்கி, அடிப்பலகை வரைக்கும் பூசினாள். கசிவு நின்றது. கால்வாயில் தண்ணீர் முட்டளவு, பிறகு தொடையளவு ஏறியது. பால்காரர்களெல்லாம் வந்து மொண்டார்கள். காய்கறி போட்டிருந்த சீனர்களும் வந்து மொண்டார்கள். ஊரே வறண்டு கிடக்க, கம்பத்தில் மட்டும் கீரை பச்சையாக இருந்தது. சந்திரமதிக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் மாலை வேலை முடிந்ததும் கரையில் நின்று அந்தத் தண்ணீரைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள்.

* இந்த இடத்தில் ஒரு சிறு பிரசங்கம். வேண்டாதவர்கள் ஐந்தாம் பகுதிக்குப் போய்விடலாம். தண்ணீரைச் சேர்த்துவைக்கிறவனுக்குத் தொட்டி எப்போதும் நிறைந்திருக்கவேண்டும். வெள்ளத்தைத் தடுக்கிறவனுக்குத் தொட்டி எப்போதும் காலியாக இருக்கவேண்டும். பெரிய ஊர்களில் இந்த இரண்டு பேருக்கும் இரண்டு அலுவலகம் கொடுத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கம்பத்தில் இருந்தது ஒரே ஒரு கதவு. அது இரண்டு பேருக்கும் நல்லவனாக இருக்கப் பார்த்தது.

5

சந்திரமதி மேல் எனக்கு ஒரு சந்தேகம். பூசும்போது அவளுக்குத் தெரியாதா? மெழுகிய தரை எத்தனை கெட்டியாகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கதை சொன்ன பந்திக்காரர் அவளைக் கெட்டிக்காரி என்றே சொல்லிக்கொண்டு போனார். "கெட்டிக்காரி ஏன் யோசிக்கல?" என்று கேட்டேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "தாகத்துல இருக்கிறவங்களுக்கு வெள்ளம் ஞாபகத்துக்கு வருமா?" என்றார். அதற்கு மேல் நான் அவளைச் சந்தேகப்படவில்லை. நானும் அந்த ஆண்டு ஒரு நாள்கூட வெள்ளத்தை நினைத்ததில்லை.

மழை ஒரு பிற்பகலில் வந்தது. முதலில் யாரும் பயப்படவில்லை. அண்டா, குண்டான், தகர டின் எல்லாம் முற்றத்துக்கு வந்தன. பெரியவர்கள்கூட நனைந்தார்கள். சந்திரமதி மாடுகளைக் கொட்டகையில் கட்டிவிட்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு நின்றாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தபோதே அவளுடைய தகர டின் ஒன்று மெல்ல மிதந்து அவளைத் தாண்டிப் போனது.

அவள் மதகுக்கு ஓடினாள். அலீம் சக்கரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்.

"வரமாட்டேங்குது தங்கச்சி! புடிச்சிக்கிட்டிருக்கு!"

இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். கதவு அசையவில்லை. மாதக்கணக்காகப் பூசிய பூச்சு கதவையும் சுவரையும் ஒன்றாக்கியிருந்தது. சந்திரமதி புல் அறுக்கும் அரிவாளால் சுரண்டினாள். மேல் பூச்சு பெயர்ந்தது. வறண்டிருந்தபோது உள்பக்கம் போட்ட அடிப்பூச்சு இப்போது தண்ணீருக்கு அடியில் இருந்தது, கை எட்டவில்லை. மறுபடி சுற்றியபோது சங்கிலி அறுந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஆறு தாழ்ந்து கிடந்தது. கடல் வடிந்திருந்த நேரம். இப்போது திறந்தால் அத்தனை தண்ணீரும் போய்விடும். கடல் மறுபடி ஏறத் தொடங்கினால் திறந்தும் பயனில்லை. கொட்டகைப் பக்கமிருந்து மாடுகள் கத்துவது கேட்டது. கட்டிப்போட்ட மாடுகள். அவிழ்த்துவிட்டாலும், அந்தப் பள்ளத்தில் ஓட மேடு இல்லை.

"பாய், உடைச்சிடலாம்."

"இது சர்க்கார் மதகுக் கேட்டு. உடைச்சா என் வேலை போயிடும். வேலை போனா வீடு போயிடும்."

"உடைக்கலேன்னா எம் மாடு போயிடும்."

அவள் வீட்டுக்கு ஓடி விறகு பிளக்கும் கோடாலியோடு வந்தாள். அலீம் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கதவின் மேல் ஏறி நின்று, தான் பூசிய பலகையைத் தானே வெட்டினாள். மூன்றாவது பலகை பிளந்தபோது, மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. அவள் விழுந்துவிடாமல் அலீம் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

மாடுகளின் வயிறு வரை வந்திருந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவள் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழமாட்டேன் என்று அலீமிடம் சொன்னது அவளுக்கு நினைவில்லை.

6

மறுநாள் காலை அதிகாரி வந்தார். வடிகால் ஆபீசில் இன்ஸ்பெக்டர், தமிழர், புதிதாகப் பதவி உயர்ந்தவர். சேற்றில் நடந்து வந்து மதகின் முன் நின்றார்.

~~அவருடைய காலணி புதிது; இடது கால் சுண்டுவிரலைக் கடித்துக்கொண்டிருந்தது.~~

[மேலே உள்ள வரியை அடித்திருக்கிறேன். இது பந்திக்காரர் சொன்னது. கதைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. அதோடு, ஓர் அதிகாரியின் சுண்டுவிரல் வலிப்பதைப் பால்காரி எப்படிப் பார்க்கமுடியும்? இது சந்திரமதியின் கண்வழியே போகும் கதை. கதை சொல்லத் தெரியாதவர்கள் இப்படித்தான் எல்லோருடைய காலணிக்குள்ளும் புகுந்துவிடுவார்கள்.]

அதிகாரி உடைந்த பலகையைப் பார்த்தார். சுவரோடு ஒட்டி நின்ற காய்ந்த பூச்சைப் பார்த்தார். பூச்சில் விரல் அழுத்திய குழிகள் வரிசையாக இருந்தன. அவர் குனிந்து தன் விரலை ஒரு குழியில் வைத்துப் பார்த்தார். விரல் பெரிது, குழிக்குள் போகவில்லை.

அலீம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கையும் பெரிய கைதான். கொஞ்சம் தள்ளிப் பால்காரர்கள் நின்றார்கள். சந்திரமதி முன் வரிசையில் நின்றாள். அவளுக்கு வாய் உலர்ந்தது. கணக்கு மிகவும் எளிது: நான்தான் என்று சொன்னால் வழக்கு வரும், லைசென்ஸ் போகும், ஆறு மாடுகளும் போகும். சொல்லாவிட்டால் அலீம் பாய்க்கு வேலை போகும், வீடு போகும். அவளுக்காகத் திறக்காத கதவுக்காக.

அதிகாரி நிமிர்ந்து கேட்டார்:

"கேட்டை உடைச்சது யாரு?"

அலீம் அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே பதிலாகிவிடும் என்று தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படிப் பார்க்காமல் நின்றதுதான் அவளை வதைத்தது.

சந்திரமதி வாயைத் திற—

(இங்கேதான் இலை மடங்கியது.)

7

முடிவுகள் என் கைவசம் மூன்று இருக்கின்றன.

முதலாவது: "நான்தாய்யா" என்கிறாள். மாடுகள் ஒவ்வொன்றாக லாரியில் ஏறுகின்றன. அலீம் மதகிலேயே இருக்கிறார், பாலில்லாத டீ குடித்துக்கொண்டு. இதை எழுதிவிட்டு என் வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவி மங்களம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "ஆறு மாட்டுக்காரி அப்படிச் சொல்லிடுவாளா? நீங்க சொல்வீங்களா?" என்றாள். எனக்கு மாடு இல்லை என்று தப்பித்துக்கொண்டேன்.

இரண்டாவது: அவள் வாயை மூடிக்கொள்கிறாள். அலீம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தகரக் கூரை வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கிறார். அவள் தினமும் காலையில் ஒரு கோப்பைப் பாலை எடுத்துவைத்துவிட்டு, யாருக்கு என்று தெரியாமல் நிற்கிறாள். இது நடந்திருக்கும். நடந்திருக்கக்கூடியது என்பதாலேயே எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது: பால்காரர்கள் எல்லோரும் ஒன்றாக முன்னால் வந்து, "நாங்கதான்" என்கிறார்கள். ஒரு கூட்டத்தில் மேடையேறிப் பேசினால் கைதட்டு கிடைக்கும். நான் அந்தப் பால்காரர்களில் சிலரோடு பழகியிருக்கிறேன். இது நடக்கவில்லை.

மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். எதைத் தொட்டாலும் ஒட்டவில்லை. எங்கோ தவறு செய்திருக்கிறேன், அது முடிவில் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

8

தவறு ஆறாம் பகுதியில் இருந்தது. அடித்த வரியைத் திரும்பப் போடுகிறேன்:

அவருடைய காலணி புதிது. இடது கால் சுண்டுவிரலைக் கடித்துக்கொண்டிருந்தது.

பந்திக்காரருக்குக் கதை சொல்லத் தெரியாது என்று நினைத்தேன். அந்தச் சுண்டுவிரல் வலித்தது யாருக்குத் தெரிந்திருக்க முடியும்? சந்திரமதிக்குத் தெரியாது. அலீமுக்குத் தெரியாது. கரையில் நின்ற யாருக்கும் தெரியாது. அந்தக் காலணிக்குள் அன்று ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். ஆறு வருடம் கழித்து, தங்கப் பொத்தானும் ரப்பர்ச் செருப்புமாக வந்து, எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்.

அப்படியானால் நான் இத்தனை நாளும் தவறான ஆளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் என்ன சொன்னாள் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் அவர் சாம்பாரில் ஆரம்பித்தார் என்று நினைத்தேன். இல்லை. விரலைக் குழியில் வைத்துப் பார்த்தபோதே பூசிய கை எந்த மாதிரிக் கை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கரையில் கால் பாவாமல் நின்ற ஒருத்தியைப் பார்த்தபோது மிச்சமும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு கேட்காமல் இருந்திருக்கலாம். வெள்ளம் உடைத்தது என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். மீதிப் பலகையைத் தண்ணீர்தானே உடைத்தது, முழுப் பொய்கூட இல்லை. கால் வலித்தது. வேலையைச் சீக்கிரம் முடிக்கவேண்டியிருந்தது. கேட்டுவிட்டார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் முடிவு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

ஆகவே நான்காவது முடிவு ஒன்றை எழுதப்போவதில்லை. கதையை ஓரடி பின்னால் இழுத்து, கேள்விக்கு முன்னால் நிறுத்திவிடுகிறேன். காலை. சேறு. உடைந்த பலகை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அலீம். முன் வரிசையில் சந்திரமதி, வாய் உலர்ந்து. விரலைக் குழியிலிருந்து எடுத்துவிட்டு அதிகாரி நிமிர்கிறார். சுண்டுவிரல் வலிக்கிறது. இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் காலணியில் நீங்கள் நில்லுங்கள். அவசரமில்லை. உங்கள் வரிசையில் இன்னும் யாரும் இலையை மடக்கவில்லை.